நடு இருக்கையில் ஒரு பேய்ப் படம்

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. அரங்கமே அலறியது. எனக்கு முன் வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி பாப்கார்னை மடியில் கொட்டிக்கொண்டாள். நான் அலறவில்லை. தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். நான் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை வெளிச்சம் அவர் முகத்தில் நீலமாகவும் சிவப்பாகவும் மாறி மாறி விழுந்தது. நீலம் விழும்போது மூச்சு விடச் சிரமப்படுகிறவர் மாதிரித் தெரிந்தார். சிவப்பு விழும்போது ரத்த அழுத்தம் ஏறிவிட்டவர் மாதிரித் தெரிந்தார். எது நிஜம், எது ஒளிப்பதிவாளரின் கைவேலை என்று கண்டுபிடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

"படத்தைப் பாரு அம்மணி," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பார்த்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

"என்ற மூஞ்சியிலயா படம் ஓடுது?"

வலப்பக்கம் இருந்த குடும்பத்து அம்மாள் சிரித்துவிட்டார். நான் திரையைப் பார்ப்பது போலக் கழுத்தைத் திருப்பினேன். கண் மட்டும் திரும்பவில்லை.

ஒரு மாத்திரை டப்பா

அந்தப் பகல் காட்சிக்குச் சில மாதங்கள் முன்புதான் அவருக்கு இதயத்தில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவைத் தெரிந்திருக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கோவை கணபதியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்தவர். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே மகள் கவிதா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது உப்பைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும், மெதுவாக நடக்க வேண்டும் என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் இவர் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சினிமாவுக்குப் போலாமுங்களா டாக்டர்?"

"கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் தாராளமாப் போங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "அவரு பாக்கறது பேய்ப் படமுங்க டாக்டர். இல்லாட்டி சண்டைப் படம். அதுவும் இல்லாட்டி ராக்கெட் வெடிக்கற படம்."

டாக்டர் யோசித்தார். "பேய்ப் படம் பரவாயில்லைங்க. சாயங்காலம் டிவி சீரியல் பாக்க வேண்டாம்," என்றார். இவருக்கு அந்த டாக்டரை அன்றிலிருந்து ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எப்போதும் என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அன்று மால் வாசலில் பையைச் சோதித்த பெண், தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிட்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இது என்னங்கக்கா?"

"எங்க வீட்டுக்காரரோட உசுருங்க. அதை மட்டும் குடுத்துருங்க."

அவள் பயந்துபோய் டப்பாவோடு தண்ணீர் பாட்டிலையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள்.

அவருடைய தத்துவங்கள்

படங்களைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு உள்ள கருத்துகளைத் தொகுத்தால் ஒரு புத்தகம் தேறும். முதல் கருத்து, எந்தப் படமானாலும் அரங்கின் நட்ட நடுவில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்து ஸ்பீக்கர்தான் காதில் விழும், பேய் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது என்பார். ஆகவே கவிதா பெங்களூரிலிருந்து ஆன்லைனில் சீட்டு எடுக்கும்போதெல்லாம் வரிசையின் நடுவாகப் பார்த்து எடுப்பாள்.

விஞ்ஞானப் படம் என்றால் அவருக்கு உயிர். விண்கலத்தில் ஏதாவது பழுதாகி யாராவது ஒரு பலகையைக் கழற்றி உள்ளே கையை விட்டதுமே இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். "ஒயரை வெறுங்கையில தொடறான் பாரு, மெயினை ஆஃப் பண்ணினானா?" என்று என்னைக் கேட்பார். நான் என்னத்தைக் கண்டேன்! எனக்கு வேறு கவலை. வெளியே காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் வெடிக்கும் சத்தம் எப்படி டமார் என்று கேட்கிறது? வகுப்பில் பல வருஷம் தொண்டை வற்ற நடத்திய பாடத்தை ஒரு படம் ஒரே நொடியில் அழித்துவிடுகிறது.

"சத்தம் வராம இருந்தா தூங்கிப் போயிருவமல்ல," என்பது அவருடைய சமாதானம்.

பேய்ப் படங்களைப் பற்றி அவருக்கு ஒரு பட்டறைக்காரரின் அலட்சியம் உண்டு. "கதவுக் கீலுக்குக் கொஞ்சம் கிரீஸ் போட்டா பாதிப் பேய்ப் படம் முடிஞ்சுபோகும்" என்பார். இருந்தும் ஒன்றைக்கூட விடமாட்டார். பயந்து முடித்து வெளியே வந்தால் உடம்பு லேசாக இருக்கிறதாம். எனக்கு நேர்மாறு. பயம் என்னோடு வீட்டுக்கு வந்து, சமையலறையில் உட்கார்ந்து, அடுத்த வாரம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும்.

சண்டைப் படத்தில் நான் கதாநாயகனைப் பார்ப்பதே இல்லை. அவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். கார் மோதித் தக்காளியெல்லாம் சிதறிப்போன வண்டிக்காரரைத்தான் பார்ப்பேன். அவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவார் என்று நினைப்பேன். விஞ்ஞானப் படத்தில் பூமியில் காத்திருக்கும் மனைவியை நினைப்பேன். பேய்ப் படத்தில், அந்த வீட்டில் ஒருவருக்காவது லைட் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாதா என்று நினைப்பேன். மொத்தத்தில் எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. கவலைப்படத்தான் தெரியும்.

சண்டைப் படங்களில் அவருக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று இருந்தது. நெஞ்சில் குண்டு வாங்கிய கதாநாயகன், பக்கத்தில் இருக்கிறவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் சட்டையால் மூடிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான் இல்லையா, அந்த இடம். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? இதுல என்ன வீரம்?" என்று ஒவ்வொரு தடவையும் எரிச்சல்படுவார். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாதே என்று என் காதோடு சொல்லித்தான் எரிச்சல்படுவார்.

வாய்க்காலும் படப்பிடிப்பும்

இந்த இடத்தில் கோபிக்கு ஒரு நடை போய் வர வேண்டியிருக்கிறது. இவருடைய சொந்த ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். அந்தப் பக்கத்து வயலையும் தென்னந்தோப்பையும் படம் பிடிக்க வராத ஆளில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், ஒரு சண்டைக் காட்சி எடுப்பதற்காக ஒரு பெரிய கூட்டம் மாமனாரின் வயலோரம் வந்து இறங்கியது. அடியாட்கள் எல்லாரும் வாழைத்தோப்பு நிழலில் உட்கார்ந்து எங்கள் வீட்டு மோரைக் குடித்தார்கள். வில்லனாக நடித்தவர் என் மாமியாரை "அம்மா" என்று கூப்பிட்டு இரண்டாவது சொம்பு வாங்கிக் குடித்தார்.

அன்றைக்கு வாய்க்காலில் மாமனாரின் தண்ணீர் முறை. அந்த நேரம் முழுக்க மடையைத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். நேரம் முடிந்தால் அடுத்த வயல்காரருக்குப் போய்விடும். தண்ணீரை எதிர்பார்த்து நெல் நாற்று வாடிக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு போனால், மடைக்கு மேலேயே கேமரா ஓடுவதற்குத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.

"கொஞ்சம் நகத்திக்கங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமனார் சொல்லவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். நடுவில் யாரோ ஒரு ஆள் வந்து "பெரியவரே, ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணுமில்லீங்க, நீங்க பாருங்க" என்று சொல்லியிருக்கிறார் மாமனார். வெயில் இறங்கியது. கூட்டம் மூட்டை கட்டியது. முறையும் முடிந்தது. அடுத்த வயல்காரர் வந்து மடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாமியார் ஏசின ஏச்சு பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டது. மாமனார் பாவம், "அவங்க வேலையும் வேலைதானே, நம்மளால எதுக்குத் தொந்தரவு" என்ற ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நாற்றில் பாதி கருகிப்போனது. படம் வந்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். அந்தச் சண்டை படத்திலேயே இல்லை.

எங்கள் பக்கத்து மரியாதை பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசும்போது எனக்கு அந்த நாற்றுதான் ஞாபகத்துக்கு வரும். 'ங்க' போட்டுப் பேசுவது காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தனக்கு ஒரு அவசரம் என்றால் அதைச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. அதிலும் இவர் அப்பாவுக்கு மேல்.

இடைவேளைக்குப் பிறகு

திரும்ப அந்த அரங்கத்துக்கு வருகிறேன். இடைவேளையில் விளக்குப் போட்டதும் அவரை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். முகம் தெளிவாக இருந்தது. வியர்வை இல்லை. எழுந்து நின்று இடுப்பை நீட்டி முறுக்கினார். வெளியே போய் இஞ்சி டீ வாங்கி, எனக்கும் ஒன்று கொண்டு வந்தார்.

"எப்படீங்க இருக்குது?"

"நல்லா எடுத்திருக்கறான். கிணத்துல சிமெண்ட் உறை போட்டிருக்கறதுதான் தப்பு. அந்தக் காலத்துக் கிணத்துல ஏது உறை?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. கிணற்று உறையில் குற்றம் கண்டுபிடிக்கிற மனிதருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்க வேண்டும். விளக்கு அணைந்தது. முதல் பாதி முழுக்க நான் பார்க்காத படத்தை இனியாவது பார்ப்போம் என்று தைரியமாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்தேன்.

பார்த்ததும் என் கதி அதோகதியாகிவிட்டது. மலையில் ஒரு பழைய பங்களா. வீட்டில் ஒருவருமில்லை. ஒரு பெண் சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு, மேலே சத்தம் கேட்கிறது என்று மரப்படியில் ஏறுகிறாள். போகாதேடி கண்ணு என்று எனக்குள் கத்திக்கொண்டே கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் பார்த்ததைவிட மூடிக்கொண்டிருந்ததுதான் அதிகம். காதுக்குள் விரல் வேறு. நடுநடுவே கண்ணைத் திறந்தால் அதைவிட மோசமான ஒன்று திரையில் நின்றது. அரங்கம் அலறிக்கொண்டே இருந்தது.

ஒரு வழியாகப் படம் முடிந்தது. விளக்குகள் எரிந்தன. எல்லாரும் எழுந்து சிரித்துக்கொண்டும் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணிக்கொண்டும் நகர்ந்தார்கள். நானும் எழுந்தேன். அவர் எழவில்லை. காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடப்பக்கமிருந்து வந்தவர்களுக்கு வழி விட்டார். ஒரு சின்னக் குழந்தையின் கன்னத்தைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

"போலாமுங்களா?"

"கூட்டம் போகட்டும்."

வரிசை காலியாகும் வரை பொறுத்திருந்தார். கடைசி ஆள் கடந்து போனதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவர் சட்டைக் காலர் நனைந்திருப்பதைப் பார்த்தேன். அந்தக் குளிரூட்டின அரங்கத்தில், முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"அம்மணி, அந்த மாத்திரை வெச்சிருக்கறயா?"

எந்தப் பொண்ணு?

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. டப்பா மூடி திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தேன். மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். குப்பை பொறுக்க வந்த தியேட்டர்ப் பையன்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு சக்கர நாற்காலி வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. சாலையில் எல்லாச் சிக்னலும் சிவப்பாகவே இருந்தது போல எனக்கு ஒரு ஞாபகம். நிஜமாக அப்படி இருந்திருக்காது.

ஆம்புலன்சில் படுத்துக்கொண்டு, தூக்கி ஏற்றிய இளைஞரிடம் "உங்களுக்கு நெம்பச் சிரமமுங்க" என்றார் இவர். எனக்கு வந்த கோபத்தில் அழுகையே நின்றுவிட்டது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே கேட்டார். "வலி எப்பங்க ஆரம்பிச்சுது? நேரம் சரியாத் தெரியணும்."

இவர் கண்ணை மூடி யோசித்தார். "அந்தப் பொண்ணு விளக்கை எடுத்துட்டு மேல ஏறுதில்லீங்க, அப்பங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். மாரடைப்போடு மூளையும் குழம்பிவிட்டதோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது. "எந்தப் பொண்ணுங்க?"

ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் தலையைத் தூக்கினாள். கழுத்தில் சின்னச் சிலுவைச் சங்கிலி போட்ட, கவிதாவைவிடச் சிறிய பெண்.

"டாக்டர், அது படத்துலங்க. நாங்க ஹாஸ்டல் புள்ளைக எல்லாம் போன வாரம் போயிருந்தோம். இடைவேளை முடிஞ்சு சித்த நேரத்துலயே அந்த சீன் வந்துருமுங்க. அதுக்குப் பொறகுதானுங்க படமே."

டாக்டர் காட்சி முடிந்த நேரத்தை என்னிடம் கேட்டு, பின்னோக்கிக் கணக்குப் போட்டார். அவர் முகம் மாறியது. "இத்தனை நேரமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

நான் கண்ணை மூடியிருந்த நேரம் அது. ஒரு பக்கத்தில் நான் ஒரு பொய்ப் பேய்க்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இருக்கையில், என் கைப்பைக்கு ஒரு சாண் தூரத்தில், இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று திரும்பவும் ஆஞ்சியோ செய்தார்கள். இன்னொரு இடத்தில் அடைப்பு. அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை எந்தப் பேய்ப் பட இயக்குநராலும் எடுக்க முடியாது. சத்தமே இல்லாத காரிடார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். வேறு யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடைசியில் இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிழைத்துக்கொண்டார் என்று சொன்னார்கள். இதய தசையில் கொஞ்சம் பழுது, இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது என்றும் சொன்னார்கள்.

ஒரு விசாரணை

வார்டுக்கு மாற்றிய பிறகு கேட்டுவிட்டேன். கோபமாகக் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கோபமாகத்தான் வந்தது.

"ஏனுங்க சொல்லலை?"

"நடுவுல இருந்தமல்ல அம்மணி. அந்தப் பக்கமும் அத்தனை பேரு, இந்தப் பக்கமும் அத்தனை பேரு. படம் நல்ல இடத்துல போயிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் எழுப்பி, பொறத்தால இருக்கறவங்களுக்கு மறைச்சு... வாயு வலியா இருக்கும், செரியாப் போயிரும்னு பார்த்தேன்."

"மாத்திரையாவது கேட்டிருக்கலாமல்லங்க?"

"கேட்டா நீ சத்தம் போடுவே."

அது உண்மைதான். போட்டிருப்பேன். அந்தக் கிணற்றுப் பேயே திரும்பிப் பார்த்திருக்கும்.

பெங்களூரிலிருந்து விழுந்தடித்து வந்த கவிதா, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டாள். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"பேய்ப் படத்துல ஒருத்தர் கத்தினா யாருக்குப்பா தெரியப்போகுது? கத்தறதுக்குத்தானப்பா எல்லாரும் வாரது!"

"நெஞ்சுல குண்டு வாங்கிட்டுச் சிரிச்சுப் பேசறவனை அத்தனை திட்டுவீங்களே" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறார், மெதுவாகப் பேசுங்கள் என்று மட்டும் அவர் சொன்னார். நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த மனிதரை வைத்துக்கொண்டு இனிமேல் எப்படிக் காலம் தள்ளுவது? அடுத்த வலியையும் இப்படித்தான் மறைப்பார். பஸ்ஸில் வந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல மாட்டார். கல்யாண வீட்டில் வந்தால் முகூர்த்தம் முடியட்டும் என்பார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் என்னை விடவில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். மத்தியானம் கண்ணயர்ந்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கறேன் அம்மணி" என்பார். அந்த வார்த்தையை எப்படி நம்புவது? அன்றும் நல்லாத்தானே இருந்தார்!

மறுபடியும் அதே படம்

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள், கவிதாவை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு, "காந்திபுரம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினேன். போனது அதே மால், அதே பகல் காட்சி. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் வரிசையின் நடுவில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

எதற்குப் போனேன் என்று கேட்டால் அப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவர் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. டாக்டர் போட்ட கணக்கு எனக்குப் போதவில்லை.

கிணற்றிலிருந்து கை வந்தது. எல்லாரும் அலறினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை ரப்பர் கையுறை போலத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. இடைவேளை வந்து போனது. அரங்கம் நிறைந்திருந்தது. என் இடப்பக்கம் இரண்டு குடும்பம், வலப்பக்கம் ஒரு கல்லூரிக் கூட்டம்.

அந்தப் பெண் விளக்கை எடுத்தாள். முதல் படியில் கால் வைத்தாள். இங்கேதான் அவருக்கு வலி ஆரம்பித்தது.

இனி வரப்போகிற அத்தனை காட்சிகளையும் அவர் இருந்தது போல உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அவர் செய்யாமல் விட்டதைச் செய்து பார்க்கலாம் என்று அந்த நொடியில்தான் தோன்றியது. எழுந்து நின்றேன். என் தலை திரையில் நிழலாக விழுந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து திட்டு விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சித்த வழி விடறீங்களாங்க?"

பக்கத்தில் இருந்தவர் உடனே காலை மடக்கிக்கொண்டார். அடுத்த அம்மாள் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு "போங்கக்கா, போங்க" என்றாள். அதற்கடுத்தவர் எழுந்தே நின்றுவிட்டார். யாரோ ஒரு பையன் செல்போன் டார்ச்சை என் காலடியில் அடித்து, "பார்த்துங்க, படி இருக்குது" என்றான். பின் வரிசையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. என் முகத்தைப் பார்த்த ஓரத்து இருக்கைக்காரர் மட்டும், "உடம்புக்கு ஏதாச்சும் சேரலைங்களா? கூட வரட்டுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன்," என்றேன். அவர் நம்பவில்லை. கதவு வரைக்கும் வந்து திறந்துவிட்டுப் போனார்.

வெளிக் காரிடாரில் கம்பளம் விரித்த தரையில், ஒரு பட விளம்பரத் தட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளேயிருந்து பெரிய அலறல் கேட்டது. அந்தப் பெண் அப்போதுதான் மேல் படிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லிவிட்டேன். மறைக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன், முடியவில்லை. அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"பொறத்தால இருந்தவங்க சத்தம் போடலையா?"

"ஒருத்தரும் போடலைங்க."

"படத்துல அந்த இடத்துலயா எந்திரிச்சே?"

"அதே இடத்துலதானுங்க. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் காலை மடக்கி வழி விட்டாங்க. ஒரு பையன் டார்ச் அடிச்சான். ஒருத்தர் கதவைத் திறந்துவிட்டாரு. நான் வெளிய வந்ததுக்கப்புறந்தான் அந்தப் புள்ள மேல போயே சேந்துச்சு."

உள்ளங்கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் பயம் வந்து, "வலிக்குதுங்களா?" என்று கிட்டே போனேன். இல்லை என்று தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

"அத்தனை நேரமும், எந்திரிச்சா என்ன நெனைப்பாங்களோன்னுதான் அம்மணி உட்கார்ந்திருந்தேன்," என்றார். "அவங்க காலை மடக்கிக்குவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை."